தோற்கிற டீமுக்குக் கை தட்டுகிறவன்



எங்க ஊர் கிளாவரை. கொடைக்கானலில் பஸ் ஏறி பூம்பாறை, மன்னவனூர், பூண்டி என்று ஒவ்வொரு ஊராகத் தாண்டி வந்தால், பஸ் இதற்கு மேல் போகாது என்று கண்டக்டர் சொல்கிற இடம். அதற்கப்புறம் மலைதான். மலைக்கு அந்தப் பக்கம் கேரளா, வட்டவடை. இந்தப் பக்கமும் பூண்டு, உருளைக்கிழங்கு, பீன்ஸ். அந்தப் பக்கமும் அதேதான். இங்கேயும் தமிழ், அங்கேயும் தமிழ் பேசுகிற ஜனங்கள் நிறைய. பெண் கொடுத்துப் பெண் எடுத்த குடும்பங்கள் இரண்டு பக்கமும் உண்டு. அப்படியென்றால் என்னதான் வித்தியாசம் என்கிறீர்களா? பனியன் கலர்தான்!

என் மாமன் மகன் வட்டவடைக்காரன். அவன் பனியன் மஞ்சள், கேரளா பிளாஸ்டர்ஸ். என் பனியன் நீலம், சென்னையின் எஃப்.சி. "சென்னைக்குப் போய்ச் சேரவே உனக்கு ஒரு நாள் ஆகும். அந்த டீமும் எப்பப் பாரு தோத்துக்கிட்டே இருக்கு. உனக்கு எதுக்குடா இந்த வேலை?" என்று ஹாஸ்டலில் கேட்காத ஆள் இல்லை. வாயால் சொல்லி முடியாததால்தான் இந்தக் கட்டுரை.

கடைசி பெஞ்சு இரண்டு பேர்

ஐ.எஸ்.எல். என்கிற இந்தியன் சூப்பர் லீக் 2014-ல் எட்டு டீம்களோடு ஆரம்பித்தது. மஞ்சளும் நீலமும் முதல் வருஷத்திலிருந்தே இருக்கின்றன. நம்ம டீம் எப்போதுமே தோற்றுக்கொண்டிருந்த டீம் இல்லை. 2015-ல் பாதி சீசனில் பட்டியலின் அடியில் கிடந்தது. கடைசி நான்கு லீக் மேட்ச்சையும் வரிசையாக ஜெயித்து மேலே வந்தது. டிசம்பர் வெள்ளத்தில் சென்னையே மூழ்கிக் கிடந்ததால் அரையிறுதியின் சொந்த ஊர் ஆட்டத்தைப் புனேயில் ஆடியது. டிசம்பர் 20-ம் தேதி கோவாவில் நடந்த பைனலில், கடைசி இரண்டு மூன்று நிமிஷத்தில் இரண்டு கோல் விழுந்து, 3-2 என்று கோவாவை அதன் சொந்த மண்ணிலேயே சாய்த்துக் கோப்பையைத் தூக்கியது. 2018 மார்ச்சில் பெங்களூரை பெங்களூரிலேயே 3-2 என்று ஜெயித்து இரண்டாவது கோப்பை.

அடுத்த சீசன்தான் வேடிக்கை. 2018-19-ல் பத்து டீம். சாம்பியன் பட்டத்தோடு இறங்கிய சென்னை 18 மேட்ச்சில் ஜெயித்தது இரண்டே இரண்டு. 9 புள்ளி, பத்தாவது இடம். அதாவது கிளாஸிலேயே கடைசி ரேங்க்! சரி, மஞ்சள் டீம்? அவர்களும் ஜெயித்தது இரண்டுதான். டிரா நிறையச் செய்ததால் ஒன்பதாவது இடம்.

அந்த வருஷம் பிளாஸ்டர்ஸ் முதல் மேட்ச்சில் கொல்கத்தாவை ஜெயித்தார்கள். அதற்கப்புறம் 14 மேட்ச் தொடர்ந்து ஜெயிக்கவே இல்லை. 2019 பிப்ரவரி 15, கொச்சியில் அடுத்த மேட்ச் நம்மோடு. 3-0 என்று ஜெயித்துவிட்டார்கள்! அன்று ராத்திரி போன் வந்தது.

"என்ன மச்சான், எங்களுக்குன்னே எடுத்து வச்சிருந்தீங்களா?"

நான் அப்போது பள்ளிக்கூடப் பையன். போனை வைத்துவிட்டுப் போர்வைக்குள் அழுதது இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. ஒரு வருஷம் காத்திருந்தேன். 2020 பிப்ரவரி 1-ம் தேதி, அதே கொச்சியில் 6-3 என்று நம்ம டீம் ஜெயித்தது. நானே போன் போட்டேன். "மச்சான், ஒண்ணுலேருந்து ஆறு வரைக்கும் எண்ணிக் காட்டு" என்றேன். எதிர்முனையில் சத்தமே இல்லை. அந்த ஒரு நிமிஷ சந்தோஷத்துக்காக எத்தனை தோல்வியையும் தாங்கலாம் என்று அன்றைக்குத் தோன்றியது.

"ஜெயிச்சோம்" - "தோத்துட்டானுங்க"

இந்தக் கிறுக்குத்தனத்தை விஞ்ஞானிகளும் ஆராய்ந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ராபர்ட் சியால்டினி என்ற உளவியல் பேராசிரியரும் அவரோடு சேர்ந்தவர்களும் 1976-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சனிக்கிழமை கல்லூரி டீம் மேட்ச் ஆடும். திங்கட்கிழமை வகுப்பில் எத்தனை பேர் கல்லூரிப் பெயர் போட்ட சட்டை அணிந்து வருகிறார்கள் என்று எண்ணினார்கள். டீம் ஜெயித்த வாரம் அந்தச் சட்டைகள் அதிகம். தோற்ற வாரம் குறைவு. போனில் கூப்பிட்டு மேட்ச் என்னாயிற்று என்று கேட்டபோது, ஜெயித்திருந்தால் "நாங்க ஜெயிச்சோம்" என்று சொல்வதும், தோற்றிருந்தால் "அவங்க தோத்துட்டாங்க" என்று நழுவுவதும் தெரிந்தது.

நம்ம டீக்கடையில் வந்து எண்ணிப் பார்த்தாலும் இதேதான். ஜெயித்தால் "நாம", தோற்றால் "அவனுங்க". அடுத்தவன் வெளிச்சத்தில் குளிர் காய்கிற குணம் மனுஷனுக்கு இயற்கை. ஆனால் தோற்ற திங்கட்கிழமையும் அதே சட்டையைப் போட்டு வருகிற கொஞ்சம் பேர் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ரசிகன் என்கிற வார்த்தை அவர்களுக்குத்தான் பொருந்தும். அவர்கள் ஏன் போவதில்லை?

எனக்குத் தெரிந்த காரணங்களைச் சொல்கிறேன்.

ஒன்று, போட்ட முதல். மழை பெய்தும் கருகிப் போன பூண்டுக் காட்டை எங்க அப்பா விட்டுவிட்டு வருவதில்லை. இத்தனை நாள் போட்ட உழைப்பு அவரைப் பிடித்து வைக்கிறது. அதே மாதிரி, 13 மேட்ச் தோல்வியைப் பார்த்தவனுக்குப் பதினாலாவது மேட்ச்சை விட மனசு வராது. அன்றைக்குத்தான் ஜெயித்துத் தொலைப்பார்களோ என்கிற பயம்!

இரண்டு, அரியர் கணக்கு. எல்லாப் பேப்பரிலும் பாஸ் ஆகிறவனுக்கு ரிசல்ட் வெறும் ரிசல்ட். மூன்றாவது தடவை எழுதி கணக்குப் பேப்பரைத் தாண்டுகிறவனுக்கு அது தீபாவளி. அபூர்வமாய் வருகிற ஜெயத்துக்கு ருசி அதிகம்.

மூன்று, எதிராளி. ஐ.எஸ்.எல்-லில் கடைசி இடம் வந்த டீமைக் கீழ் டிவிஷனுக்கு இறக்கும் வழக்கம் 2024-25 சீசன் வரை நடைமுறைக்கு வரவில்லை. அதனால் பாதி சீசனிலேயே வாய்ப்புப் போய்விட்டால் மீதி மேட்ச்சுக்கு ஒரு அர்த்தமும் இருக்காது. அப்போது உயிரோடு இருப்பது ஒரே ஒரு மேட்ச்தான்: பக்கத்து வீட்டுக்காரனோடு ஆடுகிற மேட்ச். கோப்பை போனால் போகட்டும், மஞ்சளை மட்டும் ஜெயித்தால் போதும் என்று நேரு ஸ்டேடியத்தில் பி ஸ்டாண்டு ப்ளூஸும் சூப்பர் மச்சான்ஸும் கத்துவது இதனால்தான். கொச்சியில் 'மஞ்சப்பட' கத்துவதும் இதனால்தான்.

கொல்கத்தா சொல்லும் பாடம்

இந்த விஷயத்தில் நாமெல்லாம் கத்துக்குட்டிகள். தாத்தா கொல்கத்தாதான். 1889-ல் பிறந்த மோகன் பகானும் 1920-ல் பிறந்த ஈஸ்ட் பெங்காலும் நூறு வருஷமாக மோதுகின்றன. ஒன்று அந்த மண்ணின் பூர்வீகக் குடிகளின் டீம். மற்றது கிழக்கு வங்காளத்திலிருந்து வந்து, பிரிவினையில் வீடு வாசலை இழந்தவர்கள் தங்கள் டீமாக எடுத்துக்கொண்டது. மீனில்கூடக் கட்சி உண்டு: ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் இலிஷ் மீன், மோகன் பகான் ஜெயித்தால் இறால்.

ஈஸ்ட் பெங்கால் 2020-21-ல் ஐ.எஸ்.எல்-லுக்குள் வந்தது. முதல் ஐந்து சீசனில் ஒரு தடவைகூட முதல் எட்டு இடத்துக்குள் வரவில்லை. 2021-22-ல் கடைசி இடம். மோகன் பகானை ஜெயித்தே நாலரை வருஷம் ஆகியிருந்தது. 2023 ஆகஸ்ட் 12, டூராண்ட் கோப்பை மேட்ச்சில் ஒரே ஒரு கோலில் அந்தத் தாகத்தைத் தீர்த்து வைத்தவர் யார் தெரியுமா? நம்ம சென்னைப் பையன் நந்தகுமார் சேகர்! அடுத்த ஜனவரியில் சூப்பர் கோப்பையும் அவர்கள் கைக்கு வந்தது. விடாமல் வந்துகொண்டிருந்த ரசிகர்களுக்குக் கிடைத்த கூலி அது.

ஆனால் அதே கொல்கத்தாவில் கறுப்பு நாளும் உண்டு. 1980 ஆகஸ்ட் 16, ஈடன் கார்டன். இந்த இரண்டு டீமும் ஆடிக்கொண்டிருந்தபோது கேலரியில் மூண்ட அடிதடியிலும் நெரிசலிலும் 16 ரசிகர்கள் செத்துப்போனார்கள். மேட்ச் பார்க்கக் காலையில் வீட்டிலிருந்து கிளம்பிப் போன பையன்கள்! அந்த நாளில் கொல்கத்தாவில் ரசிகர்கள் ரத்த தானம் செய்து அவர்களை நினைத்துக்கொள்கிறார்கள்.

44 வருஷம் கழித்து, 2024 ஆகஸ்ட் 18. ஆர்.ஜி.கர் மருத்துவமனையில் பெண் டாக்டருக்கு நேர்ந்த கொடுமையால் நகரமே கொதித்துக்கொண்டிருந்த நேரம். பாதுகாப்புக் காரணம் சொல்லி அன்றைய மோகன் பகான் - ஈஸ்ட் பெங்கால் மேட்ச்சை ரத்து செய்தார்கள். மேட்ச் இல்லை என்று தெரிந்தும் இரண்டு டீம் ரசிகர்களும் சால்ட் லேக் ஸ்டேடியம் வாசலுக்கு வந்தார்கள். முகமதன் ஸ்போர்ட்டிங் ரசிகர்களும் சேர்ந்துகொண்டார்கள். மூன்று கொடியும் ஒன்றாகப் பறந்தது. நியாயம் கேட்டு ஒரே குரலில் கோஷம் போட்டார்கள். போட்டி என்பது கயிறு மாதிரி. இழுக்கவும் செய்யலாம், கட்டவும் செய்யலாம்.

நான் செய்த தப்பு

இதை எழுதுகிற எனக்கு அந்தக் கயிறு ஒரு தடவை கையை அறுத்திருக்கிறது. 2022 மார்ச் 20-ம் தேதி பிளாஸ்டர்ஸ் மூன்றாவது தடவையாக பைனலுக்கு வந்தார்கள். 2014-லும் 2016-லும் கொல்கத்தாவிடம் தோற்றவர்கள். இந்தத் தடவை ஹைதராபாத்திடம், பெனால்டியில் போனது. நம்ம டீம் அந்த சீசனில் எட்டாவது இடம். பேச வாயே கிடையாது. இருந்தாலும் போன் போட்டுச் சிரித்தேன். மாமன் மகன் எடுத்தான், ஒன்றும் பேசவில்லை. அழுதுகொண்டிருந்தான். நான் சிரிப்பை நிறுத்தவில்லை. ஆடத் தெரியாதவனே அடுத்தவன் ஆட்டத்தைக் கேலி செய்கிற கதைதான்.

ஆறு மாசம் என்னோடு பேசவில்லை. கோயில் திருவிழாவுக்கு வந்தவன் எங்க வீட்டு வாசலைத் தாண்டிப் போனான், உள்ளே வரவில்லை. அம்மாவுக்குத்தான் மனசு கஷ்டம். "ஒரு பந்துக்காகவாடா?" என்று கேட்டாள். என்ன பதில் சொல்வது? அப்புறம் பெரியவர்கள் பேசி, பட்டும் படாமலும் பேச ஆரம்பித்தோம்.

2025 ஜூலையில் ஒப்பந்தத் தகராறால் அடுத்த ஐ.எஸ்.எல். சீசனையே நிறுத்தி வைத்தார்கள். ஆகஸ்டில் சென்னையின் எஃப்.சி. தன் வேலைகளையெல்லாம் தற்காலிகமாக நிறுத்துவதாக அறிவித்தது. தோற்பதற்குக்கூட டீம் இல்லை! அன்று ராத்திரி போன் அடித்தது. மாமன் மகன்.

"மச்சான், உங்க டீம் இருக்குமாடா?"

"தெரியலைடா."

"இருக்கணும்டா. நீங்க இல்லேன்னா நாங்க யாரைத் திட்டுறது?"

எனக்குத் தொண்டையை அடைத்துவிட்டது. ஹாஸ்டலில் எத்தனையோ பேர் "தொலைஞ்சதுடா உன் டீம்" என்று சிரித்தார்கள். என் டீம் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டவன் எதிர் டீம்காரன் ஒருத்தன்தான்! பல மாத இழுபறிக்குப் பிறகு, 2026 பிப்ரவரியில் சீசன் தொடங்கும் என்ற அறிவிப்பு வந்தபோது நான் முதலில் போன் செய்ததும் அவனுக்குத்தான்.

நண்பர்களே, எனக்குப் புரிந்தது இதுதான். ரசிகனுக்கு எதிரி, எதிர் டீம் ரசிகன் கிடையாது. அவனும் நம்மைப் போலவே தோற்ற திங்கட்கிழமை சட்டையைப் போட்டு வருகிறவன். தோற்றவுடன் கழன்றுகொள்கிறவன்தான் இரண்டு பேருக்கும் எதிராளி.

செங்கல் தூக்கிய ரசிகர்கள்

சிவில் நண்பர்களுக்கு ஒரு செய்தி. ஜெர்மனியில் கிழக்கு பெர்லினில் யூனியன் பெர்லின் என்று ஒரு டீம். 2004-ல் காசில்லாமல் தள்ளாடியபோது ரசிகர்கள் ரத்தம் கொடுத்து, அதற்குக் கிடைத்த பணத்தை டீமுக்குக் கொடுத்தார்கள். 2008-09-ல் ஸ்டேடியத்தைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. 2,000-க்கும் மேற்பட்ட ரசிகர்கள் சம்பளம் வாங்காமல் வேலைக்கு வந்தார்கள். கான்கிரீட் போட்டார்கள், வெல்டிங் அடித்தார்கள். மொத்தம் சுமார் 1,40,000 மணி நேர வேலை! 2019-ல் அந்த டீம் முதல் தடவையாக ஜெர்மனியின் முதல் டிவிஷனுக்கு ஏறியது. கை தட்டுகிற கைக்குக் கரண்டி பிடிக்கவும் தெரிந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இது சாட்சி.

கடைசியாக, நம்ம வீட்டு விஷயம். நம்ம காலேஜ் புட்பால் டீம் போன மண்டலப் போட்டியில் முதல் மேட்ச்சிலேயே தோற்றது எல்லோருக்கும் தெரியும். மறுநாள் கேன்டீனில் "தோத்துட்டானுங்க" என்று பேசியதையும் கேட்டேன். அன்றைக்கு மைதானத்தில் நம்ம பக்கம் நின்றது ஆடியவர்களைத் தவிர ஆறு பேர். அதில் ஒருத்தர் பஸ் டிரைவர்.

அடுத்த வருஷமும் தோற்போமோ என்னவோ, உத்தரவாதம் நான் தர முடியாது. ஆனால் பஸ்ஸில் இடம் இருக்கிறது. வாருங்கள். கத்துவோம். எதிர் காலேஜ்காரனை வாய் வலிக்கக் கிண்டல் செய்வோம். மேட்ச் முடிந்ததும் அவனுக்கும் சேர்த்து டீ சொல்லுவோம். தோற்றால் "தோத்தோம்" என்று சொல்லப் பழகுவோம். அப்படிச் சொல்லிப் பழகியவனுக்குத்தான் "ஜெயிச்சோம்" என்று சொல்கிற உரிமை இருக்கிறது.



- கிளாவரை மாணவன்,
மூன்றாம் ஆண்டு, மெக்கானிக்கல்