வாக்களிக்காதவர் யார் பக்கம்?

தொழிற்சங்கம் வேண்டுமா என்று அமெரிக்காவின் டெல்டா விமானக் கம்பனிப் பணிப்பெண்களும் பணியாளர்களும் 2008இல் வாக்கெடுத்தனர். சங்கம் அமையவில்லை. ஆனால் வாக்குச்சீட்டில் 'வேண்டாம்' என்ற கட்டமே இருக்கவில்லை! அங்கு விமான, ரயில் துறைகளுக்கு இருந்த பழைய விதி அப்படி. மொத்த ஊழியரில் பாதிக்கு மேற்பட்டோர் சங்கம் கேட்டு வாக்களிக்க வேண்டும். வாக்களிக்காதவர் எல்லாம் எதிர்ப்பாளர். வாக்களித்தோர் சுமார் 40 வீதம்தான். நமது வர்த்தக சங்கக் கூட்டங்களில் இப்படி எண்ணினால் ஒரு தீர்மானமும் நிறைவேறாது.

அதே ஆண்டு நோர்த்வெஸ்ட் கம்பனி டெல்டாவுடன் இணைந்தது. நோர்த்வெஸ்ட் பணியாளருக்குப் பல தசாப்தங்களாகச் சங்கம் இருந்தது. ஒரே கம்பனியில் ஒரே தொழில் செய்வோர் பாதிப்பேர் சங்கத்துடனும் பாதிப்பேர் சங்கமின்றியும் இருக்கச் சட்டம் இடந்தராது. எனவே 2010இல் இரு சாராரும் சேர்ந்து வாக்களித்தனர். அவ்வாண்டு விதியும் மாறியது. அளித்த வாக்குகளில் பெரும்பான்மை போதும், 'வேண்டாம்' என்றும் புள்ளடியிடலாம்.

சங்கத்துக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் ஏது? ஆனால் இடையில் ஆள் தேவையில்லை, நேரே பேசுவோம் என்று நிர்வாகம் கடுமையாகப் பிரசாரம் செய்தது. வேண்டும் என்றோர் 9,216, வேண்டாம் என்றோர் 9,544. அந்த 328 வாக்குகளால் நோர்த்வெஸ்ட்காரர் கையிலிருந்த சங்கத்தையும் இழந்தனர்.