செக் என்ஜின் விளக்கு எரிகிறதா? முதலில் போனில் பாருங்கள்!

கம்பத்தில் அப்பா ஓட்டும் 2014 மாடல் பெட்ரோல் காரில் மஞ்சள் நிற செக் என்ஜின் விளக்கு எரிந்தது. "கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் போயிருச்சு, மாத்தணும்" என்றார்கள் ஒர்க்‌ஷாப்பில். அதன் உள்ளே பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசியிருப்பதால் விலை அதிகம். அப்பா திராட்சை விற்ற பணத்தை எடுத்து வைத்துவிட்டார். "ரெண்டு நாள் பொறுங்கப்பா" என்றேன்.

தேவையானவை: ஈஎல்எம்327 வகை புளூடூத் அடாப்டர், ஆண்ட்ராய்டு போன், ஓபிடி ஆப். இந்தியாவில் 2013 ஏப்ரல் முதல் பிஎஸ்-4 கார்களுக்கு ஓபிடி-2 கட்டாயமானது. ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள 16 பின் சாக்கெட்டில் அடாப்டரைச் செருகி, இக்னிஷனை ஆன் செய்து, போனுடன் இணையுங்கள். பாஸ்வேர்டு பெரும்பாலும் 1234 அல்லது 0000.

எங்களுக்கு வந்த எரர் எண் பி0420. அதாவது, கன்வெர்ட்டரின் திறன் குறைவு. புரோகிராம் எழுதுபவர்களுக்குத் தெரியும்: எரர் மெசேஜ் எந்தச் சோதனை தோற்றது என்றுதான் சொல்லும், காரணத்தை நாம்தான் தேட வேண்டும். எனவே எண்ணை உடனே அழிக்காதீர்கள். குறித்துக்கொண்டு, ஆக்சிஜன் சென்சார்களின் கிராஃபைத் திறங்கள்.

எங்கள் காரில் கன்வெர்ட்டருக்கு முன் உள்ள சென்சார் 0.1 முதல் 0.9 வோல்ட் வரை ஏறி இறங்கும். கன்வெர்ட்டர் நன்றாக இருந்தால் பின் சென்சார் 0.6, 0.7 வோல்ட் அருகே நிலையாக நிற்கும். கெட்டுவிட்டால் அதுவும் முன் சென்சாரைப் போலவே ஆடும். (சில புதிய கார்களில் முன் சென்சார் வேறு வகை, அதில் இந்த ஏற்ற இறக்கம் தெரியாது.)

அப்பா ஓட்ட, நான் போனைப் பார்த்தேன். கூடலூர் தாண்டி, லோயர் கேம்ப்பிலிருந்து குமுளி மலைப்பாதையில் கார் திணறாமல் ஏறியது. எனவே அடைப்பும் இல்லை. சீரான வேகத்தில் பின் சென்சார் அசையவில்லை. வண்டியை நிறுத்தி ஐடிலில் விட்டால் மட்டும் வோல்டேஜ் திடீர் திடீரென்று விழுந்தது. வெளிக்காற்று உள்ளே நுழைகிறதோ என்று சந்தேகம் வந்தது.

மறுநாள் காலை, என்ஜின் குளிர்ந்திருந்தபோது ஸ்டார்ட் செய்தோம். பின் சென்சாருக்கு முன்னால் உள்ள இணைப்பில் 'டிக் டிக்' சத்தம், சுற்றிலும் கரி. கேஸ்கட் கிழிந்திருந்தது! அதை மாற்றி, எரர் எண்ணை அழித்துச் சில நாட்கள் ஓட்டினோம். ஆப்பில் கேட்டலிஸ்ட் மானிட்டர் 'கம்ப்ளீட்' என்று வந்த பிறகும் விளக்கு எரியவில்லை. திராட்சைப் பணம் தப்பித்தது.

ஓர் எச்சரிக்கை: விளக்கு விட்டு விட்டு எரிந்தால் மிஸ்ஃபயர் என்று பொருள். எரியாத பெட்ரோல் நல்ல கன்வெர்ட்டரையும் சூடாக்கிக் கெடுத்துவிடும். அப்போது கிராஃப் பார்க்க வேண்டாம். வண்டியை ஓரங்கட்டி மெக்கானிக்கை அழையுங்கள்.