தலைசுற்றலா, நில அதிர்வா?

2022 பிப்ரவரி 25, வெள்ளிக்கிழமை. காலை மணி 9.40 இருக்கும். வானொலி நிலையத்தில் என் நிகழ்ச்சி போய்க்கொண்டிருந்தது. பாடல் ஒலித்துக்கொண்டிருந்த நேரத்தில் அம்மாவிடமிருந்து அழைப்பு. நான் நேரலையில் இருக்கும்போது அவர் அழைக்கவே மாட்டார். பதறிப்போய் எடுத்தேன்.

"பிரஷர் ஏறிடுச்சு போலம்மா. நின்ன இடத்துலயே தள்ளாடுது. இன்னொரு மாத்திரை போட்டுக்கிட்டேன்."

அம்மா பிரிக்பீல்ட்ஸில் 17ஆவது மாடியில் தனியாக இருக்கிறார். காலை மாத்திரையை ஏற்கெனவே சாப்பிட்டவர். "உட்காருங்கம்மா, எழுந்து நடக்காதீங்க" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே, என் எதிரே இருந்த திரையில் நேயர்களின் புலனச் செய்திகள் கொட்ட ஆரம்பித்தன. ஷா ஆலாமிலிருந்து ஒருவர், "கட்டடம் ஆடுச்சா, எனக்கு மட்டும்தானா?" என்று கேட்டிருந்தார். பெட்டாலிங் ஜெயாவிலிருந்து ஒருவர், "ஆபிஸ்ல எல்லாரும் படியில இறங்குறோம், என்ன விஷயம்?" என்றார். செந்தூலில் ஒரு வீட்டில் மீன் தொட்டித் தண்ணீர் தளும்பியதாம். அப்போதுதான் எனக்கு உறைத்தது. தள்ளாடியது அம்மா இல்லை, அவர் குடியிருக்கும் கட்டடம்.

எங்கள் ஒலிபரப்பு அறை முதல் மாடியில் இருக்கிறது. அங்கே ஒரு காகிதம்கூட அசையவில்லை. அடுத்த பாடல் முடிய மூன்று நிமிடம்தான். அதற்குள் நான் ஏதாவது சொல்லியாக வேண்டும். நிலநடுக்கம் என்று சொல்ல எனக்கு எந்த ஆதாரமும் இல்லை. ஒன்றும் இல்லை என்று சொல்லவும் இல்லை. "பல இடங்களில் ஆட்டத்தை உணர்ந்ததாக நேயர்கள் சொல்கிறார்கள். உறுதியான தகவல் வந்ததும் சொல்கிறேன். மாடியில் இருப்பவர்கள் மின்தூக்கியைப் பயன்படுத்த வேண்டாம்" என்றேன். பிறகு மெட்மலேசியாவின் அறிவிப்பு வந்தது. மேற்கு சுமத்ராவின் பாசாமான் வட்டாரத்தில் நிலநடுக்கம். அளவு 6க்குச் சற்று மேல். அங்கே இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள் என்பது பின்னர்தான் தெரிந்தது. இங்கே நாம் மீன் தொட்டியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

பாசாமானுக்கும் பிரிக்பீல்ட்ஸுக்கும் இடையே 350 கிலோமீட்டருக்கும் மேல் தூரம். நடுவே மலாக்கா நீரிணை. அப்படியிருக்க 17ஆவது மாடியில் என் அம்மா எப்படித் தள்ளாடினார்? கிள்ளானில் தரைவீட்டில் பசியாறிக்கொண்டிருந்த பெரியப்பாவுக்கு ஏன் ஒன்றுமே தெரியவில்லை? "உங்கம்மாவுக்கு எப்பவும் ஒரு பயம்" என்று சிரித்தார் அவர். இந்தக் கேள்வி என்னை நெடுநாள் விடவில்லை.

ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். அது வந்து போகும் தாளத்துக்கு ஏற்ப ஒரு விரலால் தள்ளினாலே போதும், ஆட்டம் ஏறிக்கொண்டே போகும். தாளம் தவறித் தள்ளினால் எவ்வளவு பலமாகத் தள்ளினாலும் பலன் இல்லை. கட்டடங்களுக்கும் இப்படி ஒரு தாளம் உண்டு. பொறியாளர்களிடம் ஒரு தோராயக் கணக்கு இருக்கிறது. மாடிகளின் எண்ணிக்கையைப் பத்தால் வகுத்தால், கட்டடம் ஒருமுறை போய்த் திரும்ப எத்தனை விநாடி ஆகும் என்பது கிடைக்கும். ஒரு மாடி வீட்டுக்கு ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு. இருபது மாடிக்கு ஏறக்குறைய இரண்டு விநாடி.

நிலநடுக்கத்திலிருந்து கிளம்பும் அலைகளில் வேகமான, வெடுக்கென்ற அதிர்வுகள் வழியிலேயே அடங்கிவிடுகின்றன. நீண்டு நிதானமாக ஆடும் அலைகள்தான் நீரிணையைத் தாண்டி நம்மிடம் வந்து சேர்கின்றன. அவற்றின் தாளமும் உயரமான கட்டடத்தின் தாளமும் ஒத்துப்போகின்றன. அதனால் அம்மாவின் வீடு ஆடியது, பெரியப்பாவின் வீடு ஆடவில்லை. இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. அந்த ஆட்டம் படகில் நிற்பதைப் போல மெதுவாக இருக்கும். தலைசுற்றல் என்றே உடம்பு எடுத்துக்கொள்ளும். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் வீட்டில் இதைச் சொல்லி வையுங்கள். அளந்து பார்க்காமல் இன்னொரு மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொள்ளக் கூடாது.

சுமத்ரா ஏன் இப்படி ஓயாமல் அதிர்கிறது? தீவின் மேற்கே கடலுக்கடியில் இந்திய-ஆஸ்திரேலியத் தட்டு, நாம் இருக்கும் சுண்டா தட்டின் கீழே ஆண்டுக்கு ஐந்தாறு சென்டிமீட்டர் என்ற கணக்கில் நுழைந்துகொண்டிருக்கிறது. நம் நகம் வளரும் வேகத்தைவிடக் கொஞ்சம் கூடுதல். அது போதாதென்று, தீவின் முதுகெலும்பு போல ஏறத்தாழ 1,900 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு நிலப்பிளவும் ஓடுகிறது. பாசாமான் நிலநடுக்கம் இந்தப் பிளவின் வேலை. பெரிய பெரிய நிலநடுக்கங்கள் கடலுக்கடியில் நிகழ்பவை.

அதில் மிகப் பெரியதை நம்மில் யாரும் மறக்கவில்லை. 2004 டிசம்பர் 26. அளவு 9.1. ஆழிப்பேரலையில் மலேசியாவில் மட்டும் 68 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் பினாங்கில். எனக்கு அப்போது 14 வயது. பள்ளி விடுமுறை. வீட்டில் நாள் முழுக்கத் தொலைக்காட்சியை அணைக்கவே இல்லை. மூன்று மாதம் கழித்து, 2005 மார்ச் 28 நள்ளிரவு தாண்டிய சமயத்தில் நியாஸ் தீவருகே 8.6. கோலாலம்பூரில் அடுக்குமாடி வீடுகளிலிருந்து ஜனங்கள் தூக்கக் கலக்கத்தோடு கீழே ஓடிவந்தார்கள். அன்றிரவு என் அக்கா, கைக்குழந்தையும் ஒற்றைச் செருப்புமாகக் கார் நிறுத்துமிடத்தில் நின்றதை இன்றும் சொல்லிச் சிரிப்பார். அப்போது சிரிக்கவில்லை. பிறகு 2009 செப்டம்பரில் பாடாங், 2012 ஏப்ரலில் மறுபடியும் 8.6. அந்தக் கடைசி ஆட்டத்தைச் சென்னையிலும் உணர்ந்தார்கள்.

இன்னொரு தகவல், எனக்கே நம்ப முடியாமல் இருந்தது. 2004 நிலநடுக்கத்தில் நாம் நிற்கும் தீபகற்பமே நகர்ந்திருக்கிறது. செயற்கைக்கோள் அளவீட்டில் லங்காவி மட்டும் சுமார் 17 சென்டிமீட்டர் மேற்கே போயிருந்தது. ஒரு சாண் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்குப் பிறகுதான் நம் பக்கத்து நிலமும் முனக ஆரம்பித்தது. 2007 நவம்பர் 30 தொடங்கி பகாங்கின் புக்கிட் திங்கி வட்டாரத்தில் சிறு சிறு அதிர்வுகள், 2009 வரை விட்டு விட்டு வந்தன. மிகப் பெரியதே 3.5தான். ஆனால் புக்கிட் திங்கி எங்கே இருக்கிறது? காராக் நெடுஞ்சாலையில் போனால் கோலாலம்பூரிலிருந்து ஒரு மணி நேரம்கூட ஆகாது. செத்துப்போனதாக நினைத்த பழைய பிளவுகள், 2004இல் ஏற்பட்ட நகர்வின் அழுத்தத்தால் அசைந்திருக்கலாம் என்று சில ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். 2025 ஆகஸ்ட் 24, ஞாயிறு காலை 6.13க்கு ஜொகூர் சிகாமட்டில் 4.1 அளவில் ஓர் அதிர்வு வந்தது. அங்கே தரைவீட்டில் இருக்கும் சித்தி, "லோரி வந்து சுவத்துல மோதுன மாதிரி இருந்துச்சு" என்றார். பாருங்கள், இது வேறு வகை. பக்கத்தில் நிகழ்ந்தால் வெடுக்கென்று இருக்கும், தரையிலும் தெரியும்.

எண்களைப் பற்றி ஒரு வார்த்தை. வானொலியில் நாங்கள் இன்னும் "ரிக்டர்" என்றே பழக்கத்தில் சொல்கிறோம். ஆய்வாளர்கள் அந்த அளவையை விட்டு எப்போதோ வேறொன்றுக்கு மாறிவிட்டார்கள். அதைவிட முக்கியமானது, ஓர் எண் கூடினால் வெளிப்படும் ஆற்றல் ஏறக்குறைய 32 மடங்கு கூடும். 4.1ஐயும் 6.1ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "ரெண்டுதானே வித்தியாசம்" என்று சொல்லிவிட முடியாது. ஏறக்குறைய ஆயிரம் மடங்கு.

அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் பெரிய வாக்குவாதம் கிளம்பியது. அம்மா மாடி வீட்டை விட்டுவிட்டுக் கிள்ளானுக்கு வந்துவிட வேண்டும் என்றார் பெரியப்பா. அந்த வீடு, இரயில்வேயில் வேலை செய்த அப்பா ஓய்வுபெற்றபோது சேமநிதிப் பணத்தில் வாங்கியது. அப்பா இப்போது இல்லை. அவர்கள் கல்யாணமாகி வாழ்ந்த நூறு குவார்ட்டர்ஸும் இடிக்கப்பட்டுவிட்டது. பிரிக்பீல்ட்ஸில் அம்மாவுக்கு மிச்சம் இருப்பது அந்த வீடும், வெள்ளிக்கிழமை நடந்து போகும் ஸ்காட் சாலை கந்தசாமி கோயிலும், நாற்பது வருஷமாகப் பூ வாங்கும் கடையும்தான்.

நான் இரண்டு பக்கத்தையும் யோசித்துப் பார்த்தேன். பிரிக்பீல்ட்ஸ் என்ற பெயரே மண்ணிலிருந்து வந்தது. 1881இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரின் அத்தாப்புக் குடிசைகளை அழித்த பிறகு, நகரைச் செங்கல்லால் கட்ட முடிவெடுத்தார்கள். அந்தச் செங்கல் சூளைகள் இருந்த இடம் இது. செங்கல்லுக்கு ஏற்ற களிமண். கிள்ளானில் நிலைமை இன்னும் மென்மை. கடல் படிய வைத்த சேற்றுக் களிமண் சில இடங்களில் 20 மீட்டருக்கும் மேல் தடிமனாக இருக்கிறது. மென்மையான மண் நீண்ட அலைகளைப் பெரிதாக்கிக் கொடுக்கும். 2025 மார்ச் 28இல் மியன்மாரில் 7.7 நிலநடுக்கம் வந்தபோது ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி, களிமண் மேல் நிற்கும் பேங்காக்கில் மொட்டைமாடி நீச்சல் குளங்கள் தெருவில் கொட்டின. கட்டுமானத்தில் இருந்த 30 மாடிக்கும் மேலான அரசுக் கட்டடம் ஒன்று சரிந்து பலர் இறந்தார்கள். அதே நகரில் கட்டி முடித்த நூற்றுக்கணக்கான உயரக் கட்டடங்கள், விரிசல்களோடு நின்றன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். விழுந்த கட்டடம் எப்படிக் கட்டப்பட்டது என்று அங்கே விசாரணை நடந்தது.

நம் ஊரில்? நிலநடுக்கத்தைக் கணக்கில் எடுக்கும் கட்டட வடிவமைப்புத் தரவிதிக்கு மலேசியாவுக்கே உரிய இணைப்பு 2017இல்தான் வந்தது. அதற்கு முந்தைய பெரும்பாலான கட்டடங்கள் தங்கள் எடையையும் காற்றையும் தாங்கவே வடிவமைக்கப்பட்டவை. காற்றைத் தாங்கும் பலம் பக்கவாட்டு ஆட்டத்துக்கும் ஓரளவு உதவும். இதுவரை சுமத்ராவிலிருந்து வந்த ஆட்டங்களை நம் கட்டடங்கள் தாங்கியிருக்கின்றன. அதற்காகக் கேள்வியே கேட்காமல் இருக்க வேண்டியதில்லை. குடியிருப்பாளர் கூட்டத்தில், தூண்களை ஒரு பொறியாளரை வைத்துப் பார்க்கலாமே என்று அம்மாவுக்காக நான் கேட்டேன். "மலேசியாவுல ஏதுங்க நிலநடுக்கம்?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். கூட்டம் அடுத்து வாகன நிறுத்துமிடப் பிரச்சினைக்குப் போய்விட்டது. அது ஒன்றரை மணி நேரம் ஓடியது.

சரி, கிள்ளான் பாதுகாப்பா? 2021 டிசம்பர் வெள்ளத்தில் பெரியப்பா வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். தாமான் ஸ்ரீ மூடாவில் கூரை வரைக்கும் ஏறிய தண்ணீரை நாம் எல்லாரும் பார்த்தோம். பாசாமான் ஆட்டம் வந்தபோது, அந்த வெள்ளத்தில் ஊறிய அலமாரியைப் பெரியப்பா இன்னும் வெயிலில் வைத்துக்கொண்டுதான் இருந்தார். இதை நான் எடுத்துச் சொன்னபோது அவர் பதில் பேசவில்லை. அம்மா பிரிக்பீல்ட்ஸிலேயே இருக்கட்டும் என்பது என் முடிவு. முடிவெடுத்தது நான் இல்லை, அம்மாதான். நான் ஒத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

ஒரு சனிக்கிழமை மதியம் வீட்டைச் சுற்றிப் பார்த்துச் சில வேலைகள் செய்தோம். கட்டிலுக்கு மேலே மாட்டியிருந்த கனமான கண்ணாடிப் படத்தைக் கூடத்துக்கு மாற்றினோம். புத்தக அலமாரியைச் சுவரோடு திருகாணி வைத்து இறுக்கினோம். ஆட்டம் வந்தால் ஓடக் கூடாது, ஜன்னல் கண்ணாடியை விட்டு விலகிச் சாப்பாட்டு மேசைக்கு அடியிலோ பக்கத்திலோ குனிந்து பிடித்துக்கொள்ள வேண்டும். நின்ற பிறகு எரிவாயு அடுப்பை மூடிவிட்டு, செருப்பு போட்டுக்கொண்டு, மின்தூக்கியை விட்டுப் படிவழியாக இறங்க வேண்டும். சுவர்ப் பூச்சில் மயிரிழை விரிசல் என்றால் பயமில்லை, தூணில் குறுக்காகச் சாய்ந்த விரிசல் தெரிந்தால் பொறியாளர் பார்க்கும்வரை மேலே ஏறக் கூடாது. 17 மாடி இறங்க முழங்கால் ஒத்துழைக்குமா என்று அம்மா கேட்டார். 12ஆவது மாடியில் இருக்கும் மலாய்க்கார அக்கா வீடு வரை வந்தால் போதும், மீதியை அவர் பார்த்துக்கொள்வார் என்று இருவரும் தங்களுக்குள் ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறார்கள்.

புலனத்தில் வரும் செய்திகளைப் பற்றியும் அம்மாவிடம் பேசினேன். அந்த வெள்ளிக்கிழமை மதியத்துக்குள், "இன்னும் இரண்டு மணி நேரத்தில் இதைவிடப் பெரியது வருகிறது" என்று ஒரு செய்தி எனக்கே நான்கு பேரிடமிருந்து வந்தது. நிலநடுக்கம் எந்த நாள், எத்தனை மணிக்கு வரும் என்று சொல்லும் வழி உலகில் யாரிடமும் இல்லை. பின்னதிர்வுகள் வரலாம். ஆனால் மணி குறித்து வருகிற செய்தி எதுவாக இருந்தாலும் பொய். அதை எனக்கு அனுப்பியவர்களில் ஒருவர் பெரியப்பா.

அம்மா தனக்கென்று ஒரு கருவியும் கண்டுபிடித்து வைத்திருக்கிறார். சாமி மேடையின் மேலே சங்கிலியில் தொங்கும் பித்தளை விளக்கு. தள்ளாடுவது போல் இருந்தால் முதலில் மின்விசிறியை நிறுத்துகிறார், பிறகு விளக்கைப் பார்க்கிறார். போன மாதம் ஒருநாள் நிகழ்ச்சி முடிந்து வெளியே வந்தபோது அவரிடமிருந்து குரல் பதிவு ஒன்று வந்திருந்தது.

"விளக்கு ஆடலம்மா. மெஷின்ல பார்த்தேன், நூத்தி அறுபத்தெட்டு. பிரஷர்தான். கிளினிக்குக் கூட்டிக்கிட்டுப் போ."