கேட்பவரைக் கேட்பவர்

1940களின் தொடக்கம். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆலோசனை அறை. உள்ளே ஒரு மைக். அதிலிருந்து போகும் கம்பியின் மறுமுனையில் இசைத்தட்டில் ஒலியைப் பதியும் இயந்திரங்கள். தட்டின் ஒரு பக்கத்தில் சில நிமிடப் பேச்சுதான் பதியும். அது நிறைவதற்குள் அடுத்த தட்டு சுழலத் தொடங்கிவிட வேண்டும். கார்ல் ரோஜர்ஸ் என்ற உளவியலாளரும் அவருடைய மாணவர்களும் ஆலோசனை உரையாடல்களை இவ்வளவு பாடுபட்டுத்தான் ஒலிப்பதிவு செய்தார்கள். அவற்றுள் ஒருவருடைய சிகிச்சை, முதல் சந்திப்பிலிருந்து கடைசிச் சந்திப்பு வரை, சொல்லுக்குச் சொல் 1942இல் ரோஜர்ஸின் நூலில் அச்சேறியது. அதுவரை உளச்சிகிச்சை பற்றி எழுதப்பட்டவையெல்லாம் பெரும்பாலும் சிகிச்சை தந்தவரின் நினைவிலிருந்து வந்தவை.

பதிவுகளைக் கேட்ட மாணவர்கள் திகைத்தார்கள். வந்தவரை அவர் போக்கில் பேசவிட்டுப் பொறுமையாகக் கேட்பதாகத்தான் ஒவ்வொருவரும் நம்பியிருந்தார்கள். தட்டிலிருந்து ஒலித்ததோ வேறு. கேள்விகள் குறுக்கே விழுந்தன, அறிவுரை முந்திக்கொண்டு வந்தது, பேச்சு ஆலோசகருக்கு வசதியான பக்கம் திரும்பியது. வகுப்பில் கற்றது ஒன்று, அறையில் செய்தது இன்னொன்று என்பதை அவரவர் குரலே காட்டிக்கொடுத்தது.

உளவியலாளரை உருவாக்கும் பயிற்சியின் உயிர் இங்கேதான் இருக்கிறது என்பேன். பிறர் மனத்தை அறியக் கற்பது அதில் ஒரு பகுதி. இன்னொருவர் முன் உட்கார்ந்திருக்கையில் தன் மனம் என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதை மூன்றாவது ஒருவர் சுட்டிக்காட்ட, அதை ஏற்கக் கற்பது மறுபகுதி. கடினமானது அதுதான்.

நம் நாட்டில் உளவியலாளராகும் பாதை எப்படி என்று பலருக்குத் தெரிவதில்லை. மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து மனநலத்தில் மேற்படிப்புப் படித்தவர், மருந்து எழுதுபவர். மருத்துவ உளவியலாளர் உளவியல் முதுகலை வழியாக வருகிறார். மதிப்பீடும் உளச்சிகிச்சையும் அவர் பணி. ஆனால் எம்.ஏ. அல்லது எம்.எஸ்ஸி. முடித்தவுடன் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ள முடியாது. 1992ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வு கவுன்சில் சட்டப்படி, கவுன்சில் அங்கீகரித்த பயிற்சியை முடித்து அதன் மத்தியப் பதிவேட்டில் பெயர் ஏற வேண்டும். நெடுங்காலமாகப் பெரும்பாலோருக்கு அந்தப் பயிற்சி இரண்டாண்டு முழுநேர எம்.ஃபில். இன்றைய நிம்ஹான்ஸின் முன்னோடியான பெங்களூர் அகில இந்திய மனநல நிறுவனத்தில் 1955இல் தொடங்கிய பட்டயப் படிப்பிலிருந்து வளர்ந்தது அது.

எம்.ஃபில். என்றதும் நூலகமும் ஆய்வேடும்தான் நினைவுக்கு வரும். இங்கே ஆய்வேடு ஒரு பகுதி மட்டுமே, நாள் ஓ.பி.யிலும் வார்டிலும் கழியும். முதலில் கேஸ் ஹிஸ்டரி. தொல்லை எப்போது தொடங்கியது, தூக்கம் எப்படி, பசி எப்படி, வேலையில் என்ன நடந்தது? நோயாளி சொல்வது ஒரு கதை. கூட வந்த அம்மா சொல்வது இன்னொரு கதை. இரண்டையும் எழுதிக்கொள்ள வேண்டும்.

அடுத்தது மனநிலைப் பரிசோதனை. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே வரச் சொல்வார்கள். கவனம் நிலைக்கிறதா என்று பார்க்க. பழமொழி ஒன்றைச் சொல்லிப் பொருள் கேட்பார்கள். சொல்லைத் தாண்டிக் கருத்துக்குப் போக முடிகிறதா என்று பார்க்க. ‘யானைக்கும் அடி சறுக்கும்’ என்றால் என்ன? ‘பெரிய ஆளும் தப்புப் பண்ணுவாரு’ என்பது ஒரு விடை. ‘சேத்துல நடந்தா யானை வழுக்கும்’ என்று அங்கேயே நின்றுவிடுவது இன்னொரு விடை. எளிதாகத் தெரிகிறது அல்லவா? பள்ளிக்கூடமே போகாத ஒருவர் கழித்தலில் தடுமாறினால் அது நோயின் அறிகுறியா, படிக்க வாய்ப்பில்லாததன் விளைவா? அவரிடம் கிழமைகளைப் பின்னிருந்து சொல்லச் சொல்லலாம், சந்தைக் கணக்குக் கேட்கலாம். அந்தப் பழமொழியே அவர் வளர்ந்த மொழியில் இல்லையென்றால் வேறொன்றைத் தேட வேண்டும். எழுத்தறிவில்லாதவர்களையும் மனத்தில் கொண்டு சி. எம். பாட்டியா அமைத்த செயல்வழி நுண்ணறிவுச் சோதனைகள் வெளிவந்ததும் 1955இல்தான். கேள்விகளைப் புத்தகத்திலிருந்து மனப்பாடம் செய்துவிடலாம். யாரிடம் எந்தக் கேள்வி செல்லும் என்ற நிதானம், நோயாளிகளைப் பார்த்துப் பார்த்து, சூப்பர்வைசரிடம் திருத்தம் வாங்கித்தான் வரும்.

திருத்த ஒருவர் ஏன் வேண்டும்? அனுபவம் தானாகத் திருத்திவிடாதா? இந்தக் கேள்விக்குக் கிடைத்திருக்கும் விடைகள் வியப்பூட்டுபவை. 2012இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், மனநலத் தொழிலில் இருக்கும் 129 பேரிடம் தங்கள் திறமையைச் சக துறையினரோடு ஒப்பிட்டு மதிப்பிடச் சொன்னார்கள். நான்கில் ஒருவர் தம்மை முதல் பத்து விழுக்காட்டில் வைத்துக்கொண்டார். சராசரிக்குக் கீழே தம்மை வைத்தவர் ஒருவர்கூட இல்லை. 2005இல் வெளியான இன்னோர் ஆய்வில், சிகிச்சையில் இருந்த 550 பேரில் யாருடைய நிலை மோசமாகும் என்று சிகிச்சையாளர்களையே கணிக்கச் சொன்னார்கள். அவர்கள் சுட்டியது மூன்று பேரை. உண்மையில் நிலை மோசமானவர்கள் நாற்பது பேர். அந்த மூவரில் ஒருவர் மட்டுமே அந்த நாற்பதில் இருந்தார். அக்கறையற்றவர்கள் அல்லர் அவர்கள். வாரந்தோறும் எதிரே உட்கார்ந்து கேட்டவர்கள்.

2016இல் இன்னும் பெரிய கணக்கு வந்தது. 170 சிகிச்சையாளர்கள், அவர்களிடம் வந்த ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர். ஆண்டுகள் கூடக்கூடச் சிகிச்சையின் பலன் சராசரியாகக் கூடவில்லை. மிகச் சிறிய அளவில் குறைந்தது.

காரணத்தை உளவியலாளர்கள் டேனியல் கானமனும் கேரி க்ளைனும் 2009இல் சேர்ந்து எழுதிய கட்டுரை விளக்குகிறது. உள்ளுணர்வை நம்பலாமா என்பதில் எதிரெதிர் நிலை கொண்டிருந்த இருவரும் ஒன்றில் உடன்பட்டார்கள்: சூழலில் ஓர் ஒழுங்கு இருந்து, செய்த செயலின் விளைவு விரைவாகவும் தெளிவாகவும் தெரிந்தால்தான் உள்ளுணர்வு கூர்மையாகும். சமைப்பவருக்கு உப்புக் கூடியது அந்த வேளையிலேயே தெரிந்துவிடும். உளச்சிகிச்சையில் அப்படி இல்லை. பலன் காணாதவர் பெரும்பாலும் சொல்லிவிட்டுப் போவதில்லை, அடுத்த முறை வராமல் இருந்துவிடுகிறார். வந்தவர்கள் மரியாதைக்காகத் தலையாட்டுகிறார்கள். ‘டாக்டர் சொன்னா சரியாத்தான் இருக்கும்’ என்று வளர்ந்த நம் ஊரில் இந்தத் தலையாட்டல் இன்னும் அதிகம் என்று நினைக்கிறேன்.

வராத பின்னூட்டத்தை வரவழைக்கும் ஏற்பாடுதான் சூப்பர்விஷன். ‘அவர் அண்ணன் பேச்சை எடுத்தப்போ நீங்க ஏன் மருந்துக்குத் தாவினீங்க?’ என்று ஒரு மூத்தவர் கேட்கையில், அண்ணன் பேச்சு தன்னையே எங்கோ தொட்டதைப் பயிற்சி பெறுபவர் உணர நேரலாம். இன்னொரு வழியை உளவியலாளர் மைக்கேல் லாம்பர்ட் குழுவினர் வளர்த்தார்கள். ஒவ்வொரு சந்திப்புக்கு முன்னும் நோயாளி 45 கேள்விகள் கொண்ட படிவத்தை நிரப்புகிறார். எதிர்பார்த்த போக்கிலிருந்து விலகினால் சிகிச்சையாளருக்கு எச்சரிக்கை வருகிறது. அந்த எச்சரிக்கை கிடைத்தபோது, நிலை மோசமாகவிருந்தவர்களில் பலர் மீண்டதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஒரு காகிதம், கைதேர்ந்தவரின் கண்ணுக்குத் தப்பியதைப் பிடிக்கிறது!

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மருத்துவ உளவியலாளர் யார் என்று வரையறுக்கும்போது, மேற்பார்வையுடன் கூடிய மருத்துவப் பயிற்சியை வெளிப்படையாகவே குறிப்பிடுகிறது. சட்டமியற்றியவர்கள் சரியான சொல்லைப் பிடித்திருக்கிறார்கள். ஆனால் 2020இன் தேசியக் கல்விக் கொள்கை எம்.ஃபில். பட்டத்தையே கைவிட்டது, மருத்துவ உளவியலுக்குச் சில ஆண்டுகள் விலக்கு தரப்பட்டது. பட்டத்தின் பெயர் என்னவாகவும் மாறட்டும். நோயாளி எதிரிலும் மூத்தவர் அருகிலும் கழியும் மணி நேரங்கள் குறையக் கூடாது. 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, நோய்க்கு நோய் வேறுபட்டு 70 முதல் 92 விழுக்காடு வரையானோருக்குச் சிகிச்சை எட்டவில்லை. ஆள் பற்றாக்குறை உண்மை. அதைக் காரணம் காட்டி இந்த மணி நேரங்களைச் சுருக்கினால் பதிவேட்டில் பெயர்கள் கூடும். தன்னைத் திருத்திக்கொள்ளத் தெரிந்தவர்கள் கூட மாட்டார்கள்.

ஆலோசனைக்குப் போகும் எவரும் மருத்துவ உளவியலாளரிடம் மறுவாழ்வு கவுன்சில் பதிவு எண்ணைக் கேட்கலாம். கவுன்சிலின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். இரண்டாவது சந்திப்பில் ‘போன தடவை நீங்க சொன்னது எனக்கு உதவல’ என்றும் சொல்லலாம். நல்ல பயிற்சி பெற்றவர் அதைக் கேட்டு முகம் சுளிக்க மாட்டார். குறிப்பேட்டை எடுத்து எழுதிக்கொள்வார்.