இபிடி கார்டும் வால்மார்ட் கல்லாவும்

அமெரிக்காவில் வால்மார்ட் கடைக்குள் நுழைந்தால், கம்பியில் சுழன்று வெந்த முழுக்கோழியைச் சூடு ஆறாமல் அடுக்கி வைத்திருப்பார்கள். அரசு தரும் உணவு உதவிப் பணத்தில் அதை வாங்க முடியாது. அன்று விற்காமல் மிஞ்சி, ஆறி, குளிர்பெட்டிக்குப் போய்விட்டால் வாங்கலாம். கோழி என்னவோ அதேதான். வண்டி நிறையப் பொருள்களோடு கல்லாவுக்கு வந்தபிறகு இந்த மாதிரி ஒன்றிரண்டை மட்டும் எடுத்து ஓரமாக வைக்க நேர்வது, பின்னால் வரிசை நிற்கும்போது, கொஞ்சம் கூச்சமான காரியம். விதி எதை மனத்தில் வைத்து எழுதப்பட்டது என்று புரிந்துவிட்டால் அந்தக் கூச்சத்துக்குப் பெரும்பாலும் இடமிருக்காது.

திட்டத்தின் பெயர் ஸ்னாப். 2008 வரை ஃபுட் ஸ்டாம்ப் என்றிருந்தது. இன்னும் பலர் வாயில் அந்தப் பெயர்தான். அமெரிக்க வேளாண் துறை பணம் தருகிறது, மாநிலங்கள் ஆள்களைத் தேர்ந்தெடுத்து வழங்குகின்றன. 2024-இல் மாதந்தோறும் சராசரியாக 4 கோடிக்கும் அதிகமானோர், அதாவது ஏறத்தாழ எட்டு அமெரிக்கர்களில் ஒருவர், இதில் இருந்தார்கள். இந்தப் பணத்தில் பெரும்பங்கு போய்ச் சேரும் கடைகளில் முதலிடம் வால்மார்ட்டுக்கு.

முதல் ஸ்டாம்ப் 1939-இல் நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரில் செலவானது. அப்போது சும்மா கிடைக்காது. ஒரு டாலர் கொடுத்து ஆரஞ்சு நிற ஸ்டாம்ப் வாங்கினால், ஐம்பது காசு மதிப்புள்ள நீல ஸ்டாம்ப் இலவசமாக வரும். நீலத்தில், அரசு உபரி என்று அறிவித்த விளைபொருள்களை மட்டும் வாங்கலாம். பட்டினிக்கும் தேங்கிய விளைச்சலுக்கும் ஒரே மருந்து என்பது கணக்கு. 1943-இல் நின்றுபோனதை அதிபர் கென்னடி 1961-இல் சோதனையாகத் திரும்பக் கொண்டுவந்தார். 1964-இல் அதிபர் ஜான்சன் சட்டமாக்கினார். கையிலிருந்து பணம் கட்டித்தான் ஸ்டாம்ப் வாங்க வேண்டும் என்ற நிபந்தனையை நீக்கியது 1977-ஆம் ஆண்டுச் சட்டம். அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் காகிதச் சீட்டுகள்தான். கல்லாவில் எல்லோர் கண் முன்னும் புத்தகத்திலிருந்து கிழித்துக் கொடுக்க வேண்டும். 2004-க்குள் எல்லா மாநிலங்களும் இபிடி என்ற பிளாஸ்டிக் கார்டுக்கு மாறின. பார்ப்பவர்களுக்கு அது இன்னொரு டெபிட் கார்டு. இந்தத் திட்டத்தில் நடந்த சீர்திருத்தங்களில் வாங்குகிறவரின் தன்மானத்துக்கு அதிகம் உதவியது இதுதான் என்று எனக்குத் தோன்றும்.

எவ்வளவு வரும்? 2025 அக்டோபரில் தொடங்கிய ஆண்டுக்கு, அலாஸ்கா, ஹவாய் நீங்கலான மாநிலங்களில் தனி ஆளுக்கு மாதம் அதிகபட்சம் 298 டாலர், நால்வர் குடும்பத்துக்கு 994. இந்த முழுத்தொகை எல்லோருக்கும் வராது. கழிவுகள் போக மிஞ்சும் வருமானத்தில் 30 சதவீதத்தைக் குடும்பம் தானே சாப்பாட்டுக்குப் போட வேண்டும் என்று அரசு எதிர்பார்க்கிறது. நால்வர் குடும்பத்தில் அப்படி மிஞ்சுவது மாதம் 1,000 டாலர் என்றால், 994-இல் 300 கழித்து 694 கார்டில் ஏறும். ஏறும் தேதி மாநிலத்துக்கு மாநிலம், ஆளுக்கு ஆள் மாறும். செலவழியாத பணம் அடுத்த மாதத்துக்குத் தொடரும். ஆனால் ஒன்பது மாதம் கார்டைத் தொடாமலே விட்டால் பழைய தொகையைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள்.

இனி, எதை வாங்கலாம் என்பது. வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாப்பிடுவதற்கான உணவு, இதுதான் சட்டத்தின் மையக் கருத்து. அரிசி, பருப்பு, காய்கறி, இறைச்சி, மீன், பால், ரொட்டி எல்லாம் சரி. சிப்ஸும் ஐஸ்கிரீமும் பிறந்தநாள் கேக்கும்கூடச் சரி. கேக்கின் விலையில் பாதிக்குமேல் சாப்பிட முடியாத அலங்காரமாக இருந்தால்தான் சிக்கல். உணவு தரும் செடியும் விதையும் சேர்த்தி. தக்காளி நாற்று, மிளகாய் விதை வாங்கலாம். இபிடி ஏற்கும் இந்தியக் கடையில் கறிவேப்பிலைக் கன்று விற்றால் அதுவும் இந்த விதிக்குள் வரும். மது, சிகரெட், மருந்து, சோப்பு, டயப்பர், கழிப்பறைக் காகிதம், நாய்க்கான தீனி ஆகியவை கிடையாது.

கடையில் சூடாக விற்பது எதுவும் கிடையாது என்ற விதியும் இந்த மையக் கருத்திலிருந்து வந்ததே. சூடான உணவை வேறு யாரோ சமைத்துவிட்டார்கள், அது ஹோட்டல் சாப்பாட்டுக்குச் சமம் என்பது வாதம். வீட்டில் அடுப்பும் சமைக்க ஆளும் நேரமும் இருப்பதாக நினைத்துக்கொண்டு எழுதிய விதி. காரில் படுத்துறங்குகிறவருக்கும், இரண்டு வேலை பார்த்துவிட்டு இரவு பத்து மணிக்கு வருகிறவருக்கும் இது பொருந்தவே இல்லை. கலிஃபோர்னியா, அரிசோனா போன்ற சில மாநிலங்கள் முதியோர், மாற்றுத்திறனாளிகள், வீடற்றோர் ஆகியோருக்கு மட்டும் குறிப்பிட்ட உணவகங்களில் விலக்கு அளித்திருக்கின்றன.

எனர்ஜி பானங்களில் குழப்பம் அதிகம். டப்பாவின் பின்பக்கம் பார்த்தால் போதும். சாதாரண உணவுக்குரிய ஊட்டச்சத்து அட்டவணை அச்சிட்டிருந்தால் மத்திய விதிப்படி அது உணவு. சத்து மாத்திரைகளுக்குப் போடும் துணைச்சத்து அட்டவணை இருந்தால் இல்லை. ஆனால் 2026 ஜனவரி முதல் மாநிலங்கள் தனித்தனியே வெட்டத் தொடங்கிவிட்டன. நெப்ராஸ்கா, அயோவா, இண்டியானா, யூட்டா, மேற்கு வர்ஜீனியா ஆகியவற்றில் சோடா வாங்க முடியாது. நெப்ராஸ்காவில் எனர்ஜி பானமும், இண்டியானாவில் மிட்டாயும் கிடையாது. வேறு மாநிலங்களும் அனுமதி பெற்றிருக்கின்றன. கார்டு நாடு முழுதும் செல்லும், பட்டியல்தான் ஊருக்கு ஊர் வேறு.

நல்ல வேளையாக, இதையெல்லாம் காசாளர் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஒவ்வொரு பொருளும் ஸ்னாப்பில் சேருமா என்பது கல்லாக் கணினியில் ஏற்கெனவே பதிவாகியிருக்கும். எல்லாவற்றையும் கலந்தே ஸ்கேன் செய்யலாம். நீங்களே பில் போடும் இயந்திரத்திலும் அப்படியே. கார்டைத் தேய்த்ததும், உணவுக் கணக்கா, ரொக்க உதவிக் கணக்கா என்று திரை கேட்கும். சிலருக்கு ஒரே கார்டில் இரண்டும் இருக்கும். உணவைத் தேர்ந்து நான்கு இலக்கப் பின் எண்ணைப் போட்டால், தகுதியுள்ள பொருள்களின் தொகை மட்டும் கழியும். சோப்புக்கும் டயப்பருக்கும் உரிய மிச்சத்தை ரொக்கமாகவோ வேறு கார்டிலோ கட்டலாம். மற்ற கார்டை முதலில் தேய்த்துவிட்டால் அது மொத்தத் தொகையையும் இழுத்துக்கொள்ளும்; ஆகவே இபிடிதான் முதலில்.

ஸ்னாப்பில் வாங்கும் பொருளுக்கு விற்பனை வரி கிடையாது. மளிகைக்கே வரி போடும் மிசிசிப்பி, அலபாமா போன்ற மாநிலங்களில் இது சின்ன லாபமில்லை. பைக்குக் காசு வாங்கும் ஊரில் அந்தக் காசை ஸ்னாப்பில் கட்ட முடியாது. கணக்கிலிருந்து ரொக்கம் எடுக்கவும் முடியாது. பொருளைத் திருப்பிக் கொடுத்தால் பணம் கார்டுக்கே போகும். மற்றவர்களுக்குத் தரும் தள்ளுபடி, கூப்பன் எல்லாவற்றையும் இவர்களுக்கும் தர வேண்டும். ஸ்னாப்காரர்களுக்கு மட்டும் தனி வரிசை வைப்பது தவறு.

குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்குமான விக் திட்டம் வேறு. அங்கே எந்தப் பொருள், என்ன அளவு என்பது வரை மாநிலம் பட்டியல் போட்டிருக்கும். ஓர் அளவு மாறினாலும் கல்லா ஏற்காது. அலமாரி விலைச்சீட்டில் விக் குறி இருக்கிறதா என்று பார்த்து எடுப்பதே வழி.

இணையத்தில் இபிடி கார்டு செல்லத் தொடங்கியது 2019 ஏப்ரலில், நியூயார்க் மாநிலத்தில். வால்மார்ட்டும் அமேசானும் அந்தச் சோதனையில் முதலில் இறங்கியவை. அடுத்த ஆண்டு கொரோனா வந்ததும் மற்ற மாநிலங்களுக்கும் வேகமாகப் பரவியது. வால்மார்ட் செயலியில் கார்டைச் சேர்த்துவிட்டு, ஒவ்வோர் ஆர்டருக்கும் பின் எண் போட வேண்டும். டெலிவரிக் கட்டணமும் டிப்ஸும் ஸ்னாப்பில் கழியாது. அதற்கு வேறு கார்டு வேண்டும். நேரில் போய் எடுத்துக்கொண்டால் அந்தச் செலவு மிச்சம். ஆண்டுச் சந்தா எடுப்பவர்களானால், உதவித் திட்டங்களில் இருப்போருக்கு வால்மார்ட் அதைப் பாதி விலையில் தருகிறது.

நம்மவர்கள் அடிக்கடி கேட்பது, விசாவில் இருப்பவருக்குக் கிடைக்குமா என்று. எச்1பி, மாணவர் விசா, சுற்றுலா விசா எதற்கும் கிடையாது. கிரீன் கார்டு வாங்கிய பெரியவர்கள் பெரும்பாலும் ஐந்தாண்டு காத்திருக்க வேண்டும். பதினெட்டு வயதுக்கு உட்பட்டோருக்கு அந்தக் காத்திருப்பு இல்லை. அகதியாக வந்தவர்களுக்கும் புகலிடம் பெற்றவர்களுக்கும் முன்பு உடனே கிடைத்தது. 2025 ஜூலைச் சட்டம் அவர்களைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. அவர்களும் கிரீன் கார்டு வாங்கியாக வேண்டும்.

கடைசியாகத் திருட்டு. இபிடி கார்டுகளில் பெரும்பாலானவற்றில் சிப் இல்லை, காந்தப் பட்டைதான். கல்லாவில் கார்டு தேய்க்கும் கருவியின்மேல் போலி மூடியைப் பொருத்தி, கார்டு விவரத்தையும் பின் எண்ணையும் எடுத்துவிடுகிறார்கள். பணம் ஏறிய இரவே வேறெங்கோ செலவாகிவிடும். 2022 அக்டோபர் முதல் 2024 டிசம்பர் 20 வரை இப்படிப் போனதை மத்திய அரசின் பணத்தில் ஈடுகட்டினார்கள்; அதற்குப் பிறகு திருடு போனதற்கு அந்த ஈடு இல்லை. கலிஃபோர்னியா 2025-இல் சிப் கார்டு தரத் தொடங்கியது. மற்ற இடங்களில் இருப்பவர்கள், பணம் ஏறும் நாளுக்கு முன்னால் பின் எண்ணை மாற்றுவது நல்லது. 1234, 1111 எல்லாம் வேண்டாம். பல மாநிலங்களின் செயலியில் வெளிமாநிலச் செலவையும் இணையச் செலவையும் பூட்டி வைக்க வசதி இருக்கிறது. கணக்கில் இன்னும் எவ்வளவு இருக்கிறது என்பது ரசீதின் அடியில் அச்சாகியிருக்கும்; அடுத்த முறை வரும்வரை அதை வைத்துக்கொள்ளுங்கள்.