டப்பாவுக்குள் வேகும் மத்தி

டின் மத்தி சாப்பிட்டவர்களுக்குத் தெரியும், அதில் நடுமுள்ளை எடுக்கவே வேண்டாம். பல்லில் பட்டதும் மாவாகிவிடும். அதே மீனை வீட்டில் குழம்பு வைத்தால் முள் முள்ளாகவே நிற்கிறது. ஏதோ மருந்து போட்டுக் கரைக்கிறார்கள் என்று சிலர் சந்தேகப்படுவதுண்டு. மருந்தெல்லாம் இல்லை. மீனை அடுக்கி, எண்ணெய் ஊற்றி, மூடியை அழுத்தி மூடிய பிறகுதான் கடைசி வேக்காடே நடக்கிறது. டப்பாக்களைப் பெரிய நீராவிக் கலனில் வைத்து, கொதிநீரைவிட அதிகச் சூட்டில், அழுத்தத்தோடு வேகவைக்கிறார்கள். நம் வீட்டு குக்கர் செய்யும் வேலைதான். முள்ளைக் கெட்டியாக வைத்திருக்கும் புரதம் அந்தச் சூட்டில் இளகிவிடுகிறது, சுண்ணாம்புச்சத்து அங்கேயே இருக்கிறது. 100 கிராம் டின் மத்தியில் ஏறக்குறைய 380 மில்லிகிராம் கால்சியம் உண்டு. அதே எடைப் பாலில் இருப்பதைப்போல மூன்று மடங்கு. முள்ளை ஒதுக்கிவிட்டால் அதில் பெரும்பகுதி போய்விடும்.

ஏன் அவ்வளவு சூடு? கொதிநீர் பெரும்பாலான கிருமிகளைக் கொன்றுவிடும். ஆனால் போட்டுலினம் என்னும் நுண்ணுயிரின் வித்துகள் 100 டிகிரியில் மணிக்கணக்காகத் தாக்குப்பிடிக்கும். காற்றில்லாத இடத்தில்தான் அது வளரும், நஞ்சைச் சுரக்கும். மூடிய டப்பா அதற்கு வசதியான வீடாகிவிடும். அதனால்தான் டப்பாவின் நடுப்பகுதிவரை 121 டிகிரி சூடு சில நிமிடங்களாவது எட்ட வேண்டும், அல்லது சூட்டைக் கொஞ்சம் குறைத்து நேரத்தைக் கூட்ட வேண்டும்.

இந்தக் கணக்கு எதுவும் தெரியாமலேயே ஒருவர் வழியைக் கண்டுபிடித்தார் என்பதுதான் எனக்குத் தீராத வியப்பு. நிக்கோலா அப்பேர், பிரான்சில் மிட்டாய் செய்து விற்றவர். உணவைக் கண்ணாடிப் போத்தலில் அடைத்து, தக்கையை இறுக்கி, கொதிநீரில் நெடுநேரம் வைத்துப் பார்த்தார், மாதக்கணக்கில் கெடவில்லை. முறையை ஊரறியச் சொல்ல வேண்டும் என்ற நிபந்தனையோடு பிரெஞ்சு அரசு அவருக்கு 12,000 பிராங்க் கொடுத்தது. 1810இல் நூலாக எழுதி வெளியிட்டார். கெடாமல் இருப்பதற்கான காரணத்தை லூயி பாஸ்டர் விளக்க இன்னும் அரை நூற்றாண்டு ஆனது. போத்தலுக்குப் பதிலாகத் தகர டப்பா என்ற யோசனைக்கு அதே 1810இல் லண்டனில் பீட்டர் டூரண்ட் காப்புரிமை பெற்றார்.

மத்தி டப்பாவுக்குள் போனது 1820களில், நாந்த் நகரில் ஜோசப் கொலான் என்பவரின் கையால். பக்கத்திலேயே பிரித்தானி கடற்கரை. மத்தி கூட்டமாக வரும், பிடித்த சில மணி நேரத்தில் கெடத் தொடங்கும். ஆகவே துறைமுகங்களை ஒட்டியே தொழிற்சாலைகள் முளைத்தன. துவார்னெனே அப்படி வளர்ந்த ஊர். ஆண்கள் கடலுக்குப் போவார்கள், பெண்கள் தொழிற்சாலைக்கு. படகு வந்துவிட்டால் நேரம் காலம் கிடையாது. நள்ளிரவானாலும் கிளம்ப வேண்டும். தலையைக் கிள்ளி, குடலை நீக்கி, உப்புநீரில் போட்டு, உலர்த்தி, எண்ணெயில் பொரித்து, ஒவ்வொன்றாக அடுக்குவார்கள். தூக்கம் வராதிருக்கப் பாடிக்கொண்டே செய்வார்கள். இதற்கு 1924இல் கிடைத்த கூலி மணிக்கு 80 சாந்தீம். அந்த நவம்பரில் ஒன்றேகால் பிராங்க் கேட்டு வேலையை நிறுத்தினார்கள். ஆறு வாரத்துக்கு மேல் குளிரில் நின்றார்கள். 1925 ஜனவரியில் ஒரு பிராங்க் கூலியும், இரவு வேலைக்குக் கூடுதல் பணமும் வாங்கிக்கொண்டுதான் திரும்பினார்கள். அவர்களில் ஒருவரான ஜோசபின் பென்காலே அதே ஆண்டு நகரசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பெண்களுக்கு வாக்குரிமையே இல்லாத காலம் அது. பெண் என்ற ஒரே காரணத்துக்காகத் தேர்வு செல்லாது என்றார்கள். டின் மீனின் வரலாற்றில் அப்பேருக்குச் சமமாக இந்தப் பெண்களைச் சொல்ல வேண்டும் என்பேன். நல்ல மத்தி டப்பாக்கள் இன்றும் கையால்தான் அடுக்கப்படுகின்றன. தோல் அவ்வளவு மெல்லியது.

டின் மீன் பச்சை மீனுக்கு மாற்று என்று நினைத்துச் சாப்பிட்டால் ஏமாற்றம்தான் வரும். அது தனிப் பண்டம். எண்ணெயில் கிடக்கக் கிடக்கச் சதை மென்மையாகி, சுவை ஊறுகிறது. பிரான்சில் பிடித்த ஆண்டை டப்பாவிலேயே அச்சிட்டு விற்கிறார்கள். வாங்கியவர்கள் எண்ணெய் எல்லாப் பக்கமும் ஊற அவ்வப்போது திருப்பி வைத்து, சில ஆண்டு கழித்துத் திறக்கிறார்கள். அத்தகைய மத்தியை அடுப்பில் ஏற்றாதீர்கள். ரொட்டியில் உப்பு வெண்ணெய் தடவி, மீனை வைத்து, எலுமிச்சை பிழிந்தால் போதும்.

இலங்கையில் வீட்டுக்கு வீடு இருக்கும் டின் மீன் வேறு வகை. அது பெரும்பாலும் உப்புநீரில் அடைத்த, சதைப்பற்றான கானாங்கெளுத்தி வகை மீன். எண்ணெய் இல்லாததால் மசாலாவை நன்றாக இழுக்கும். பாணுக்குக் குழம்பாகவும், உருளைக்கிழங்கோடு பிசைந்து கட்லட்டாகவும் அது சிறப்பது அதனால்தான். ஏற்கனவே வெந்த மீன் என்பதால் கடைசியில் போட்டு ஒரு கொதி வந்ததும் இறக்கிவிடுங்கள். கரண்டியால் கிளறினால் உதிர்ந்துவிடும். தேசிக்காய்ப் புளியை இறக்கிய பிறகு விடுங்கள். டப்பா உப்பியிருந்தால் மட்டும், எவ்வளவு விலை கொடுத்திருந்தாலும், திறக்காமல் எறிந்துவிடுங்கள்.