லார்டுக்குள் ஒரு ரொட்டி

பந்தா பண்ணுகிறவனைப் பார்த்து, “இவரு பெரிய லார்டு லபக்குதாஸு!” என்கிறோம். லபக்குதாஸ் யாரென்று என்னைக் கேட்காதீர்கள். லார்டு யாரென்று வேண்டுமானால் சொல்கிறேன். அந்தச் சொல்லைப் பிட்டுப் பார்த்தால் கோட்டையும் இல்லை, குதிரையும் இல்லை. உள்ளே இருப்பது ரொட்டி.

1066-ல் நார்மன்கள் வந்து இறங்குவதற்கு முன்பு இங்கிலாந்தில் பேசிய பழைய ஆங்கிலத்தில் ரொட்டிக்கு ‘ஹ்லாஃப்’ என்று பெயர். இன்றைய ‘லோஃப்’ அதுதான். ‘வெயர்டு’ என்றால் காவலன்; நம் ஹாஸ்டல் வார்டனுக்குத் தூரத்து உறவு. ஆக, ‘ஹ்லாஃப்வெயர்டு’ என்பவன் ரொட்டிக்குக் காவல் இருப்பவன். நாக்கு அவனைத் தேய்த்து ‘ஹ்லாவோர்டு’ ஆக்கியது. பிறகு முன்னால் நின்ற ‘ஹ்’ உதிர்ந்து ‘லாவர்டு’. நடுவில் இருந்த ‘வ’வும் கரைந்த பின் மிஞ்சியது ‘லார்டு’.

ரொட்டிக்குக் காவலன் இருந்தால், தின்பவன் ஒருவன் வேண்டுமே? இருந்தான். 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கென்ட் அரசன் ஏதல்பர்ட் போட்ட சட்டம், ஆங்கிலத்தில் நமக்குக் கிடைத்த சட்டங்களிலேயே பழையது. சாதாரணக் குடியானவன் ஒருவனின் ‘ஹ்லாஃபேட்டா’வைக் கொன்றால் 6 ஷில்லிங் கட்டவேண்டும் என்கிறது அது. ஹ்லாஃபேட்டா என்றால் ரொட்டி தின்பவன், அதாவது அந்த வீட்டை அண்டிப் பிழைப்பவன். செஞ்சோற்றுக் கடன் என்ற சொல்லோடு வளர்ந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. எனக்கு வியப்பு வேறொன்றில். குடியானவன் வீட்டில்கூட ரொட்டியை வைத்துத்தான் மேல், கீழ் பிரித்திருக்கிறார்கள்.

நார்மன்கள் வந்த பிறகு டியூக், பாரன் என்று பிரெஞ்சுப் பட்டங்கள் வந்து குவிந்தன. லார்டு அசையவில்லை. கடல் தாண்டி நம் நீதிமன்றங்களுக்கும் வந்தார். “மை லார்டு” என்று அழைக்க வேண்டியதில்லை என்று இந்திய பார் கவுன்சில் 2006-ல் சொல்லிப் பார்த்தது. வழக்கறிஞர்களின் நாக்கு இன்னும் கேட்டபாடில்லை.

லேடியின் கதை இன்னும் சுவை. முன்னால் ‘ஹ்லாஃப்’ இருக்க, பின்னால் ‘டியே’ சேர்ந்தது. மாவு பிசைபவள் என்று பொருள். மண்ணையோ மாவையோ பிசைந்து உருவாக்குவதைக் குறிக்கும் மிகப் பழைய வேர் அது. அதன் ஒரு கிளை ஆங்கிலத்தில் ‘டோ’ ஆகி, பிசைந்த மாவைக் குறித்தது. வடமொழிக்குப் போன கிளை பூசுதல், மெழுகுதல் என்று பொருள் தந்து, ‘தேஹ’ என்ற சொல்லைப் பெற்றது. நாம் வாங்கிக்கொண்ட தேகம் அதுதான். லேடியின் வாலும் நம் தேகமும் ஒரே பிசைவில் வந்தவை!

ஆனால் எழுத்தில் நமக்குக் கிடைக்கும் காலத்திலேயே லேடி மாவிலிருந்து கையை எடுத்துவிட்டாள். வீட்டுத் தலைவியை மட்டுமல்ல, அரசனின் மனைவியையும் இப்படி அழைத்திருக்கிறார்கள். பிசைகிற கை வேறொருத்தியுடையது. அதே வேரில் பிறந்த ‘டேயே’ என்பது அவள் பெயர். பட்டம் ஏதும் அவளுக்குக் கிடைக்கவில்லை. மாவிலிருந்து பால் கறப்பதற்கும் வெண்ணெய் எடுப்பதற்கும் வேலைதான் மாறியது. அவள் வேலை செய்த இடத்துக்கு, அவள் பெயரை ஒட்டி ‘டெய்ரி’ என்று பெயர் வந்தது.